அதிர்வை அளந்த அறிஞர்

சர் சி.வி. இராமன் என்றவுடன் ஒளிச்சிதறலும் நோபல் பரிசும் நம் நினைவுக்கு வரும். ஒளியாய்வில் புகழ் பெறுவதற்கு முன்பே அவர் பல்லாண்டுகள் அதிர்வுகளை ஆராய்ந்தார் என்பது பலர் அறியாத செய்தி. தந்தியும் தோலும் எவ்வாறு அதிர்கின்றன, அவ்வதிர்வு எவ்வாறு அடங்குகிறது என்பதை அளந்தறிய அவர் மேற்கொண்ட முயற்சி, இந்திய அறிவியல் வரலாற்றின் சிறந்த பகுதிகளுள் ஒன்று.

இளமையும் கல்வியும்

இராமன் 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள், திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவில் சந்திரசேகர ஐயருக்கும் பார்வதி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையார் விசாகப்பட்டினத்தில் கணிதமும் இயற்பியலும் கற்பித்த கல்லூரி ஆசிரியர். வயலின் இசைப்பதிலும் ஈடுபாடு உடையவர். எனவே, நூலறிவும் இசையும் ஒரே இல்லத்தில் இராமனுக்கு வாய்த்தன. சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று 1904இல் இளங்கலைப் பட்டமும் 1907இல் முதுகலைப் பட்டமும் பெற்றார். ஒலியியலில் ஹெல்ம்ஹோல்ட்ஸ், ரேலி ஆகிய ஐரோப்பிய அறிஞர்கள் எழுதிய நூல்கள் அவரைப் பெரிதும் ஈர்த்தன.

அக்காலத்தில் அறிவியல் ஆய்வையே வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளும் வாய்ப்பு இந்தியருக்கு அரிதாக இருந்தது. ஆகவே, இராமன் நிதித்துறைத் தேர்வு எழுதி வென்று, 1907இல் கல்கத்தாவில் அரசு அலுவலரானார். அவ்வாண்டிலேயே வீணை இசைப்பதில் பயிற்சி பெற்ற லோகசுந்தரி அம்மாளை மணந்தார்.

அலுவலுக்கு இடையே ஆய்வு

கல்கத்தாவின் பௌபஜார் தெருவில், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகம் இருந்தது. அங்கே ஆய்வுக்கூடம் இருந்தும் ஆய்வாளர் மிகுதியாக இல்லை. இராமன் காலையில் அலுவலகம் செல்வதற்கு முன்பும் மாலையில் அலுவல் முடிந்த பின்பும் அங்கே ஆய்வு செய்தார். விலையுயர்ந்த கருவிகளுக்கு வழியில்லாத நிலையில், எளிய பொருள்களைக் கொண்டே ஆராயத்தக்க துறையாக அதிர்வியல் அவருக்கு அமைந்தது.

1917இல் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் பாலித் பேராசிரியர் பதவி அவரை நாடி வந்தது. அதனை ஏற்றால் ஊதியம் வெகுவாகக் குறையும். அரசுப் பணியின் உயர்வுகளையும் இழக்க நேரும். எனினும், அவர் தயங்காமல் அரசுப் பணியைத் துறந்தார்.

தந்திகள் உணர்த்திய உண்மை

வயலினை ஆராய விரும்பிய இராமனுக்கு ஓர் இடர்ப்பாடு தோன்றியது. மனிதக் கை இருமுறை ஒரே அழுத்தத்தோடு வில்லை இழுப்பதில்லை. ஆகவே, வில்லை ஓரிடத்தில் நிறுத்தி, வயலினைச் சீரான வேகத்தில் முன்னும் பின்னும் நகர்த்தும் பொறியொன்றை அமைத்தார். அதனைக்கொண்டு, ஒவ்வொரு சுரமும் எழத் தேவையான மிகக் குறைந்த வில்லழுத்தத்தை அளந்தார். வயலினின் உடல் ஒத்ததிரும் சுரங்களில் தந்தியின் ஆற்றல் விரைவாக உடலுக்குள் சென்று செலவாகிறது. அவ்விழப்பை ஈடுசெய்ய வில்லை மேலும் அழுத்த வேண்டும். எனவே, வில்லின் அழுத்தம் ஆற்றல் இழப்பைக் காட்டும் அளவுகோலாயிற்று.

தந்தியை மீட்டும் இடத்தைக் கணுவாகக் கொண்ட மேற்சுரங்கள் எழமாட்டா என்பது ஐரோப்பியர் வகுத்த விதி. கணு என்பது அதிர்வின்போது அசையாதிருக்கும் இடம். ஆனால், வீணையிலும் தம்புராவிலும் அம்மேற்சுரங்கள் வலுவாக எழுவதை இராமன் கண்டார். அவற்றின் குதிரையிலுள்ள வளைந்த பரப்பைத் தந்தி தொட்டும் விலகியும் அதிர்வதே இதற்குக் காரணம் என 1921இல் விளக்கினார்.

மிருதங்கம்

வட்டமாக இழுத்துக் கட்டிய சாதாரணத் தோலின் மேற்சுரங்கள் அடிப்படைச் சுரத்தின் முழுமடங்குகளாக அமைவதில்லை, 1.59, 2.14 என ஒழுங்கற்ற மடங்குகளாகவே அமைகின்றன. அதனால், தோற்கருவி எழுப்புவது இசையன்று, ஓசையே எனக் கருதப்பட்டது. மிருதங்கம் இதற்கு விலக்கு என்பதை இராமன் 1920இல் எடுத்துக்காட்டினார். நோபல் பரிசு பெற்ற பின்னரும், பெங்களூரில் 1934ஆம் ஆண்டளவில் இவ்வாய்வை விரிவாக மீண்டும் தொடர்ந்தார்.

தோலின்மீது மணலைத் தூவி அவர் அதிரச் செய்தார். மணல் அதிரும் இடங்களை விட்டு நீங்கி, அதிராத கணுக்கோடுகளில் ஒதுங்கி ஒவ்வோர் அதிர்வு முறையின் வடிவத்தையும் கண்ணுக்குக் காட்டியது. வலந்தலையின் நடுவில் பூசப்படும் கரிய கரணை, ஒன்பது அதிர்வு முறைகளை ஐந்து சீரிசைகளாக ஒழுங்குபடுத்துவதை அவர் மெய்ப்பித்தார். ஓரத்தைச் சுற்றி அமைந்த மேல்தோல் வளையமோ வேண்டாத உயர்சுரங்களைத் தணிக்கிறது. சமன்பாடு அறியாத கைவினைஞர் செவியையே துணையாகக் கொண்டு கண்ட தீர்வுக்கு, அளவீட்டின் வழியே அவர் சான்று தந்தார்.

இசைக்கருவியும் இயந்திரமும்

இசைக்கருவிகளுக்குப் பொருந்தும் இயற்பியல் இயந்திரங்களுக்கும் பொருந்தும். வடசென்னையில் ராயபுரத்தை ஒட்டிய துறைமுகத்தின் பாரந்தூக்கிகளும், திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உருவான மோட்டார் வாகனங்களும், அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தின் சுழலிகளும் இயங்கும்போது அதிர்கின்றன. இயக்கத்தின் அதிர்வெண், கட்டமைப்பின் இயல் அதிர்வெண்ணோடு ஒன்றினால் அதிர்வு பெருகி, உலோகம் விரிசல் காணக்கூடும்.

இதனை முன்னரே அறியப் பொறியாளர்கள் விசையுணரி பொருத்திய சுத்தியலால் கட்டமைப்பைத் தட்டுகின்றனர். ஒட்டிவைத்த முடுக்கமானிகளால் அதன் அசைவைப் பதிவு செய்கின்றனர். இயல் அதிர்வெண், அதிர்வு வடிவம், தணிவு ஆகிய மூன்றும் அப்பதிவிலிருந்து கணக்கிடப்படுகின்றன. கணுவில் தட்டினால் அம்முறை வெளிப்படாது என்பதை இங்கும் கருத்தில் கொள்ள வேண்டும். மிருதங்கத்தில் இனிய ஒலி நிலைக்க வேண்டும். இயந்திரத்தில் அதிர்வு விரைந்து அடங்க வேண்டும். நோக்கம் வேறாயினும் அறிய வேண்டியவை இவையே.

நிறைவு

1928 பிப்ரவரி 28ஆம் நாள் வெளிப்பட்ட இராமன் விளைவு, 1930இல் அவருக்கு நோபல் பரிசை ஈட்டித் தந்தது. அவ்விளைவும் மூலக்கூறுகளின் அதிர்வை ஒளியின் வழியே அறிவிப்பதாகும். 1948இல் பெங்களூரில் தம் பெயரால் ஆய்வு நிறுவனம் கண்டார்; 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார்; 1970 நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். நாள்தோறும் காதில் விழும் ஒலியையும் அளந்து பார்க்கத் துணிந்த அவருடைய ஆர்வம், ஆய்வு செய்ய விழையும் மாணவர்க்கு என்றும் வழிகாட்டும்.