இயற்பியலை விட்டு வந்த கணித மேதை ஹரீஷ் சந்திரா



கணித மேதைன்னு சொன்னதும் நாம எல்லாரும் ராமானுஜன் பேரைத்தான் சொல்லுவோம். இந்த இதழில் நான் எழுதப்போவது ஹரீஷ் சந்திராவைப் பற்றி.

இவர் 11.10.1923 அன்று கான்பூரில் பிறந்தார். அப்பா பாசனக் கால்வாய்களைப் பார்த்துக்கொண்ட இன்ஜினியர். மகன் அலகாபாத்தில் படித்தது கணக்கு இல்லை, இயற்பியல்! நூலகத்தில் டிராக் எழுதிய குவாண்டம் புத்தகம் கையில் கிடைக்க, அதிலேயே மூழ்கிவிட்டார். அங்கே இவருடைய பேராசிரியர் கே.எஸ்.கிருஷ்ணன் யார் தெரியுமா? நம்ம வத்திராயிருப்புக்காரர்தான்.

பிறகு பெங்களூரில் பாபாவிடம் ஆராய்ச்சி. 1945-ல் கேம்பிரிட்ஜில் அந்த டிராக்கிடமே மாணவர். இதைவிட ஒரு இயற்பியல் மாணவனுக்கு என்ன வேணும்? ஆனால் அங்கேதான் கதை மாறுது. டிராக் நிரூபணத்துக்குக் காத்திராமல் உள்ளுணர்வாலேயே சரியான விடைக்குப் போய்விடுவார். அந்த ஆறாவது அறிவு தனக்கு இல்லை என்று ஹரீஷ் சந்திரா உணர்ந்தார். தன் நிரூபணங்களில் ஓட்டை இருப்பதும் அவரை உறுத்தியது. 1947-ல் பி.எச்.டி. பட்டம் வாங்கி, டிராக்குடன் அமெரிக்காவின் பிரின்ஸ்டனுக்குப் போனவர், கணக்குப் பக்கம் சாய்ந்துவிட்டார். பட்டம் வாங்கிய பாடத்தையே விடுவதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டும்! எனக்கெல்லாம் வராது.

1950 முதல் 1963 வரை கொலம்பியா பல்கலைக்கழகம். அப்புறம் கடைசிவரை பிரின்ஸ்டன் உயர் ஆய்வு நிறுவனம்.

அவர் செய்த கணக்கில் ஒரு துளி சொல்கிறேன், பயப்படாதீங்க. சாதாரணமாக 1-க்குப் பக்கத்தில் இருப்பது 2. ஆனால் 5-ஆல் எத்தனை தடவை வகுபடுது என்பதை வைத்துத் தூரத்தை அளந்தால்? 626-க்கும் 1-க்கும் வித்தியாசம் 625. அது நாலு தடவை 5-ஆல் வகுபடும். அதனால் 626-தான் 1-க்கு நெருக்கம், 2 இல்லை! 5-க்குப் பதில் எந்தப் பகா எண்ணையும் வைக்கலாம். இப்படிக் கிடைப்பவை பி-அடிக் எண்கள். அவற்றை உறுப்புகளாகக் கொண்ட, நேர்மாறு உள்ள அணிகள் எல்லாம் சேர்ந்து ஒரு குலம்.

கச்சேரிச் சத்தத்தை நாதஸ்வரம், தவில், தாளம்னு காது பிரிப்பதுபோல, அந்தக் குலத்தின் மேல் உள்ள சார்புகளை எளிய பகுதிகளாகப் பிரிக்கலாம். எந்தப் பகுதிக்கு எவ்வளவு எடை என்று சொல்வதுதான் பிளாஞ்செரல் சூத்திரம். இதைப் பி-அடிக் குலங்களுக்குக் கண்டறிந்தவர் ஹரீஷ் சந்திரா.

ஆனால் உடம்பு ஒத்துழைக்கவில்லை. 1969-லேயே மாரடைப்பு வந்தும் வேலையைக் குறைக்கவில்லை. 1974-ல் ராமானுஜன் பெயரிலான பதக்கம் கிடைத்தது. 1983 அக்டோபரில் நண்பர் போரலின் 60 வயதுக்காகப் பிரின்ஸ்டனில் ஒரு கருத்தரங்கு. இவருக்கும் 60 நிறைந்து ஐந்து நாள்தான். 16-ஆம் தேதி மாலை நடக்கப் போனவர் மாரடைப்பால் இறந்தார். அந்தச் சூத்திரத்தின் முழு நிரூபணம் அச்சாகவே இல்லை.

அடுத்த வருடமே, 1984-ல், ஷாஹிதி என்பவர் அணிகளின் குலத்துக்கு அந்த எடைகளைக் காமா காரணிகளால் எழுதிக் காட்டினார். காமா காரணி என்பது ஒவ்வொரு பகுதிக்கும் உள்ள கைரேகை மாதிரி ஒரு சார்பு. முழு நிரூபணத்தை பிரான்சின் வால்ஸ்பர்ஷே எழுதி வெளியிட்டது 2003-ல், இருபது வருடம் கழித்து. அந்தக் கட்டுரையின் தலைப்பிலேயே ஹரீஷ் சந்திராவின் வழியில் என்று பிரெஞ்சில் போட்டிருக்கிறார்.