கொடுத்துத் தோற்றவர்

ஜுருவில் வளர்ந்த எனக்கு விமானம் என்றாலே ஜே.ஆர்.டி. டாட்டாதான் நினைவுக்கு வருவார்.

1904இல் பாரிஸில் பிறந்த அவர், 1929 பிப்ரவரி 10இல் விமானி உரிமம் பெற்றார். இந்தியாவில் வழங்கப்பட்ட முதல் உரிமம் அது. மறு ஆண்டே, இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் ஆகா கான் போட்டியில் இறங்கினார்.

வழியில், எகிப்தின் அபூக்கிரில், எதிர்த்திசையில் வந்த போட்டியாளர் அஸ்பி இன்ஜினியர் ஸ்பார்க் பிளக் இல்லாமல் தவித்து நின்றார். டாட்டா தம்மிடமிருந்ததைக் கொடுத்துவிட்டுப் பறந்தார். சில மணி நேர வித்தியாசத்தில் பரிசு அஸ்பிக்குப் போனது. டாட்டாவோ 1932இல் கராச்சியிலிருந்து பம்பாய்க்குத் தாமே அஞ்சல் விமானம் ஓட்டி, பிற்கால ஏர் இந்தியாவுக்கு வித்திட்டார்.

சென்ற தேர்வின்போது தோழி கேட்ட குறிப்புகளை இல்லையென்று மறைத்தேன். இதைப் படித்த மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்தேன்.