கிறிஸ்தவக் கம்பர்

கம்பரைத் தெரியாதவங்க நம்ம பள்ளியில் யாரும் இல்லை. கிறிஸ்தவக் கம்பர் யார் தெரியுமா? எச். ஏ. கிருஷ்ண பிள்ளை! 2019-இல் வந்த பன்னிரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் அவர் பாட்டு இருக்கு. எழுதியவரின் கதையையும் தெரிஞ்சுக்கணும் இல்லையா?

1827-இல் திருநெல்வேலிச் சீமையில், கரையிருப்பு என்ற ஊரில் பிறந்தார். அப்பா சங்கர நாராயண பிள்ளை, அம்மா தெய்வநாயகி. திருமாலைக் கும்பிடும் குடும்பம். சின்ன வயசிலேயே கம்பராமாயணத்தில் ஊறிப்போனார்.

1853-இல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியர் வேலை கிடைத்தது. அங்கேதான் பைபிளோடு பழக்கம். ஐந்து வருஷம் கழித்து, 1858-இல், சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். ஹென்றி ஆல்பிரட் என்பது அப்போது வைத்த பெயர். அதுதான் எச். ஏ. அந்தக் காலத்தில் மதம் மாறுவது லேசுப்பட்ட காரியமா? சொந்தபந்தமே விலகிப் போகும்.

சாமி மாறிவிட்டது. இத்தனை நாள் சாமியைப் பாடிய தமிழை என்ன செய்வது? அவர் அதைத் தூக்கி எறியவில்லை.

இங்கிலாந்தில் ஜான் பனியன் என்று ஒருவர். ஓட்டைப் பாத்திரம் அடைக்கும் தொழிலாளி. மத விஷயத்துக்காகப் பன்னிரண்டு வருஷம் சிறையில் கிடந்தவர். 1678-இல் அவர் எழுதிய கதை வெளிவந்தது. முதுகில் பெரிய பாரத்தோடு ஒருத்தன் சொந்த ஊரை விட்டு ஓடுகிறான். மனைவி மக்கள் கூப்பிடுகிறார்கள். காதைப் பொத்திக்கொண்டு ஓடுகிறான். கிருஷ்ண பிள்ளையின் மனசை இந்தக் கதை ஏன் பிடித்தது என்று சொல்லவே வேண்டாம்.

அதைத்தான் 'இரட்சணிய யாத்திரிகம்' என்று காவியமாக்கினார். ஐந்து பருவம், 3766 பாட்டு! 'நற்போதகம்' மாத இதழில் பதின்மூன்று வருஷம் தொடராக வந்தது. (நமக்கு இந்த ஒரு தாளை நிரப்பவே கை வலிக்குது.)

சும்மா மொழிபெயர்ப்புதானே என்று சிலர் நினைக்கலாம். அப்படி இல்லை. பனியன் எழுதியது உரைநடை. இவர் பாடியது கம்பர் வழியில் விருத்தம். பனியன் விரிவாகச் சொல்லாத இயேசுவின் பாடுகளை இவர் குமார பருவத்தில் விரிவாகப் பாடினார். இயேசுவைக் கட்டி இழுத்துப் போகிறார்கள், ஏசுகிறார்கள். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. பார்த்த சனங்கள் அழுகிறார்கள். நடுநடுவே ஜெபப் பாடல்களும் உண்டு. அவற்றுக்கு அவர் வைத்த பெயர் தேவாரம்! சிவனைப் பாடிய நாயன்மார் பாட்டின் பெயரைத் தயங்காமல் எடுத்துக்கொண்டார். திருமால் வீட்டுப் பிள்ளை, சைவப் பாட்டின் பெயர், இயேசுவுக்கு ஜெபம்! எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இதுதான்.

1894-இல் புத்தகம் வெளிவந்தபோது அவருக்கு வயசு 67. 'போற்றித் திருஅகவல்', 'இரட்சணிய மனோகரம்' என்ற நூல்களும் எழுதினார். 1900-இல் காலமானார். யாத்திரிகம் கையில் கிடைத்தால் முதலில் குமார பருவத்தைப் புரட்டுங்க.