சம்பளக் கவலையைப் பாட்டாக்கிய பட்டுக்கோட்டையார்

உழைக்கிறவன் கஷ்டத்தை மேடையில் பேசினால் கூட்டத்துக்கு வந்தவர்கள்தான் கேட்பார்கள். அதையே சினிமாப் பாட்டில் வைத்தால் ஊரே முணுமுணுக்கும். இதைச் செய்து காட்டியவர் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம். வாழ்ந்தது 29 வயதுவரைதான்!

17 தொழில்

பட்டுக்கோட்டை அருகே உள்ள செங்கப்படுத்தான்காடு அவரது சொந்த ஊர். 1930-ம் ஆண்டு ஏப்ரல் 13-ந்தேதி விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை அருணாசலம் கவி பாடுவதில் கெட்டிக்காரர். மகனின் படிப்பு திண்ணைப் பள்ளிக்கூடத்தோடு சரி.

அப்புறம் பிழைப்புதான். மாடு மேய்த்தார். மாம்பழம் விற்றார். இட்லி, முறுக்கு வியாபாரம் பார்த்தார். மீன், நண்டு பிடித்தார். உப்பளத்தில் வேலை செய்தார். தண்ணீர் வண்டி ஓட்டினார். பாட்டெழுத வரும் முன்பும் பின்பும் அவர் பார்த்த தொழில்கள் மொத்தம் 17 என்று கணக்குச் சொல்வார்கள்.

விவசாய இயக்கத்தில் ஈடுபட்டார். கம்யூனிஸ்டு கட்சியில் சேர்ந்தார். சக்தி நாடக சபாவில் நடித்தார். புதுச்சேரி சென்று பாரதிதாசனிடம் தங்கித் தமிழ் கற்றார். 'கண்ணின் மணிகள்' நாடகத்துக்குப் பாட்டு எழுதினார். 'ஜனசக்தி' ஏட்டில் அவரது கவிதைகள் வெளிவந்தன.

ராயப்பேட்டை அறை

சினிமா வாய்ப்புத் தேடி சென்னைக்கு வந்தவருக்கு ராயப்பேட்டையில் ஒரு வாடகை அறைதான் வீடு. நடிகர் ஓ.ஏ.கே.தேவர் அங்கே கூட இருந்தவர்.

அந்த நாட்களைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். எழுதிய பாட்டுக்குப் பணம் கேட்டு ஒரு படக் கம்பெனிக்குப் போனார். இன்று வா, நாளை வா என்று இழுத்தடித்தார்கள். கடைசியில் ஒரு துண்டுச் சீட்டில் நாலு வரி கவிதை எழுதி முதலாளி மேஜையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று வெளியேறிவிட்டார். படித்த முதலாளிக்கு வியர்த்துவிட்டது. பணம் அறைக்கே வந்து சேர்ந்ததாம்!

கூலிக்காரன் கேள்வி

1958-ல் எம்.ஜி.ஆரின் 'நாடோடி மன்னன்' வந்தது. அதில் ஆணும் பெண்ணும் மாறி மாறிப் பாடும் ஒரு பாட்டு. காதல் பேச வேண்டிய இடத்தில், இத்தனை விளைந்தும் நமக்கு என்ன மிச்சம் என்று பெண் கேட்பாள். நமக்கும் காலம் வரும் என்று ஆண் தைரியம் சொல்வான். விவசாய சங்கத்தில் பேசிய விஷயம்தான். அன்று அதைத் தியேட்டரில் கைதட்டிக் கேட்டார்கள்.

ஆலைத் தொழிலாளியாக சிவாஜி நடித்த படம் 'இரும்புத்திரை'. வாங்கிய சம்பளம் பைக்குப் போவதற்குள் மாயமாகிவிடும் கதையை அதில் சிரிக்கச் சிரிக்கப் பாட்டாக்கினார். திருச்சி லோகநாதன் பாடினார். தொழிற்சங்கத் தொழிலாளர்களைப் பற்றிய 'பாதை தெரியுது பார்' படத்துக்கும் பாட்டு எழுதினார்.

பார்க்காமலே போனார்

இந்த இரண்டு படங்களும் திரைக்கு வந்தது 1960-ல். பார்க்க அவர் இல்லை. 1959-ம் ஆண்டு அக்டோபர் 8-ந்தேதி சென்னையில் காலமாகிவிட்டார். கல்யாணமாகி இரண்டு வருஷம்தான். வீட்டில் இளம் மனைவியும் கைக்குழந்தையும்.

சினிமாவுக்கு எழுதியது சில வருஷம்தான். அதற்குள் சுமார் 180 பாடல்கள்! தன் முதல்-அமைச்சர் நாற்காலியின் ஒரு கால் பட்டுக்கோட்டையாரின் பாட்டு என்று எம்.ஜி.ஆர். சொன்னதாகக் கூறுவார்கள். 1981-ல் தமிழக அரசு அவருக்குப் பாரதிதாசன் விருது அளித்தது. 1993-ல் அவரது பாடல்கள் நாட்டுடைமை ஆயின.

இன்றும் மாதம் பிறந்து பத்து நாளில் சட்டைப் பையைத் தடவிப் பார்க்கிறவனுக்கு அந்த 'இரும்புத்திரை' பாட்டு ஞாபகம் வரும். எழுதியவர் வாங்கிய கூலியைவிட, உழைக்கிறவனுக்கு அவர் கொடுத்துவிட்டுப் போனது அதிகம்.