கடல் கடந்தும் காத்த செல்வம்

ஐரோப்பாவின் வடபகுதியில் டென்மார்க், நார்வே, சுவீடன் ஆகிய நாடுகள் உள்ளன. அவற்றிற்கு மேற்கே, அட்லாண்டிக் பெருங்கடலில் அமைந்த தீவு ஐஸ்லாந்து. ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல் நார்வே மக்கள் பலர் அத்தீவில் குடியேறினர். பிறந்த மண்ணை விட்டு வந்த அவர்கள் தம் மொழியையும் முன்னோர் கதைகளையும் விட்டுவிடவில்லை. அச்செல்வத்தை எழுத்தில் நிலைபெறச் செய்தவருள் தலைசிறந்தவர் ஸ்னோரி ஸ்டர்லுசன்.

ஸ்னோரி 1179ஆம் ஆண்டில் பிறந்தார். குழந்தைப் பருவத்திலேயே யோன் லோப்ட்சன் என்னும் பெருந்தலைவரின் இல்லத்தில் சேர்க்கப்பட்டார். கல்விக்குப் பெயர்பெற்ற அவ்வில்லத்தில் வளர்ந்து, சட்டத்திலும் வரலாற்றிலும் கவிதையிலும் தேர்ச்சி பெற்றார். பின்னர், ஐஸ்லாந்தின் பொதுமன்றமாகிய ஆல்திங்கில் சட்டம் உரைப்பவர் என்னும் உயர்பதவியை இருமுறை வகித்தார்.

ஐஸ்லாந்து மக்கள் கிறித்தவ சமயத்தைத் தழுவி அப்போது இருநூறு ஆண்டுகள் கழிந்திருந்தன. பழைய தெய்வக் கதைகள் மறக்கப்பட்டால் பழம்பாடல்களின் பொருளும் மறைந்துவிடும். சான்றாக, அக்காலப் புலவர்கள் பொன்னைச் ‘சிஃப்பின் கூந்தல்’ எனக் குறிப்பிட்டனர். இடிக்கடவுளாகிய தோரின் மனைவி சிஃப் கூந்தலை இழந்தபோது, பொன்னால் புதிய கூந்தல் செய்து தரப்பட்டது என்பது கதை. இதனை அறியாதவருக்கு அத்தொடர் விளங்காது. எனவே, இளம்புலவர்களுக்கு வழிகாட்டியாகக் கதைகளையும் யாப்பு முறைகளையும் தொகுத்து ‘எட்டா’ என்னும் நூலை ஸ்னோரி இயற்றினார்.

அவர் இயற்றியதாகக் கருதப்படும் மற்றொரு நூல் ‘ஹெய்ம்ஸ்கிரிங்லா’. அது சுவீடனின் தொல்பழம் அரசர்களிடம் தொடங்கி, நார்வே மன்னர்களின் வரலாற்றை 1177 வரை கூறுகிறது.

ஆயினும், நார்வே மன்னர்களின் புகழை எழுதியவருக்கு நார்வே மன்னராலேயே முடிவு வந்தது. ஸ்னோரி செல்வத்தையும் அதிகாரத்தையும் விரும்பியவர், பகையும் மிக்கவர். 1239இல் மன்னர் ஹாக்கோனின் தடையை மீறி நார்வேயிலிருந்து தாயகம் திரும்பினார். சினமுற்ற மன்னரின் ஆணைப்படி, 1241 செப்டம்பரில் ஒரு நள்ளிரவில் அவருடைய முன்னாள் மருமகன் கிசூர் படையுடன் வந்தார். நிலவறையில் ஒளிந்திருந்த ஸ்னோரி கொல்லப்பட்டார்.

காலப்போக்கில் நார்வேயின் மொழி பெரிதும் மாறியது. மக்களால் தம் முன்னோரின் மொழியைப் படிக்க இயலவில்லை. குடியேறியவர்களின் தீவிலோ அம்மொழி அதிகம் மாறாமல் வாழ்ந்தது. எனவே, தம் பழைய வரலாற்றை அறிய நார்வே மக்கள் ஸ்னோரியின் நூலை மொழிபெயர்த்துப் படித்தனர். அதன் டேனிய மொழிபெயர்ப்பு 1633இல் அச்சானது. 1697இல் சுவீடனிலும் அந்நூல் பதிப்பிக்கப்பட்டது. வெவ்வேறு அரசுகளின் கீழ் வாழ்ந்த மக்கள் ஒரே நூலில் தம் முன்னோரைக் கண்டனர்.

ஸ்னோரி வாழ்ந்து மறைந்த ரேய்க்கோல்ட் என்னும் ஊரில் இன்று அவருடைய சிலை நிற்கிறது. அவர் இறந்து எழுநூறு ஆண்டுகள் கடந்தபின், 1947இல் அதனை அன்பளிப்பாக அளித்தவர்கள் நார்வே மக்களே.

சொற்பொருள்
யாப்பு – செய்யுள் இயற்றும் முறை
நிலவறை – நிலத்தின் கீழ் அமைந்த அறை
தாயகம் – பிறந்த நாடு

வினாக்கள்
1. ‘எட்டா’ என்னும் நூலை ஸ்னோரி இயற்றியதன் காரணம் யாது?
2. நார்வே மக்கள் தம் வரலாற்றை அறிய ஐஸ்லாந்தின் நூலை நாடியது ஏன்?
3. உம் இல்லத்துப் பெரியோர் கூறிய பழங்கதை ஒன்றைப் பத்து வரிகளில் எழுதுக.