வெள்ளிக் காசில் இரு முகங்கள்

பழைய நாணயங்களைச் சேகரிப்போர் விரும்பித் தேடுபவற்றுள் ஒன்று, இங்கிலாந்தில் 1689-ஆம் ஆண்டு வெளியான அரைக் கிரவுன் வெள்ளிக் காசு. பெரும்பாலான காசுகளில் ஒரு தலைதான் இருக்கும். இதிலோ இரண்டு! முன்னால் இருப்பவர் அரசர் மூன்றாம் வில்லியம். அவருக்குப் பின்னால் பாதி மறைந்து தெரிபவர் அவர் மனைவி, இரண்டாம் மேரி. அந்த மறைந்த முகத்தின் கதையை அறிய ஆவல் கொண்டோம்.

மேரி 1662 ஏப்ரல் 30 அன்று லண்டனில் பிறந்தார். தந்தை ஜேம்ஸ், அரசர் இரண்டாம் சார்லஸின் தம்பி. ஜேம்ஸ் கத்தோலிக்க விசுவாசத்தைத் தழுவினார்; மகளோ அரசர் கட்டளைப்படி ஆங்கிலிக்கன் சபையில் வளர்ந்தார். பின்னால் வந்த துயரத்துக்கு வித்து அப்போதே விழுந்துவிட்டது.

1677-இல், எங்களைப் போல் பதினைந்து வயதில், அவருக்குத் திருமணம். மணமகன் ஹாலந்து நாட்டு வில்லியம். சொந்த அத்தை மகன். பதினோரு வயது மூத்தவர், உயரத்திலும் மேரியைவிடக் குறைந்தவர். செய்தி கேட்டு ஒன்றரை நாள் அழுதாராம். எங்களுக்கு இதில் வியப்பேதும் இல்லை! ஆயினும் ஹாலந்து மக்கள் அவரை நேசித்தனர்; காலப்போக்கில் அவரும் கணவரை நேசித்தார்.

1688-இல், அரசராகிவிட்ட ஜேம்ஸை எதிர்த்த பிரபுக்கள் வில்லியத்தை அழைத்தனர். அவர் படையோடு வந்திறங்க, ஜேம்ஸ் பிரான்சுக்குத் தப்பினார். தந்தையா, கணவரா? மேரி கணவர் பக்கம் நின்றார். தந்தை விட்டுச் சென்ற அரண்மனைக்குள் அவர் சிரித்த முகத்தோடு நுழைந்ததைப் பலர் ஏசினர். அப்படி இருக்கச் சொன்னவர் கணவரே. இதைப் பற்றி எங்களுக்குள் பெரிய வாக்குவாதமே நடந்தது. தந்தையை இழந்த வீட்டில் எப்படிச் சிரிக்க முடியும் என்ற கேள்விக்கு எங்களிடம் விடை இல்லை.

தனியே அரசாள மேரி மறுத்தார். மனைவிக்குக் கீழ் இருக்க வில்லியமும் மறுத்தார். எனவே 1689 ஏப்ரல் 11 அன்று இருவரும் சேர்ந்தே முடிசூடினர். அதிகாரம் வில்லியத்திடம் இருந்தது; அவர் போருக்குப் போகும்போது மேரி ஆண்டார். 1690-இல் அயர்லாந்தின் பாய்ன் ஆற்றங்கரையில் கணவரும் தந்தையும் எதிரெதிரே நின்றனர். இருவருக்கும் தீங்கு நேரக்கூடாதே என்று மேரி லண்டனில் தவித்தார்.

இணையாட்சிக் காசுகள் ஆறு ஆண்டுகளுக்கே உரியவை. ஐந்து ஷில்லிங் மதிப்புள்ள முழுக் கிரவுனோ 1691, 1692 ஆகிய இரண்டே ஆண்டுகளைத் தாங்கி வந்தது. சேகரிப்போர் அதற்கு அதிக விலை தருவது அதனால்தான்.

1694 டிசம்பரில் மேரிக்குப் பெரியம்மை கண்டது. அந்நோய் முன்பே வராத பணிப்பெண்களை உடனே வெளியே அனுப்பிவிட்டார். 28-ஆம் தேதி, 32-ஆம் வயதில் இறந்தார். தந்தையை அவர் மீண்டும் பார்க்கவே இல்லை. 1695-ஆம் ஆண்டுக் காசுகளில் வில்லியத்தின் முகம் மட்டுமே இருக்கிறது.