சுல்தான் சயீத் பின் தைமூர்: பள்ளிக்கூடத்தைக் கண்டு அஞ்சிய மன்னர்

ஓமானின் பாத்தினா கடற்கரையில் அமைந்துள்ள சோஹார் நகரில் இன்று பெரிய துறைமுகமும், உருக்கு ஆலைகளும், பல்கலைக்கழகமும் உள்ளன. அங்கு பணிபுரியும் தமிழர்கள் உள்ளிட்ட இந்தியர்களின் பிள்ளைகளுக்கென இந்தியப் பாடத்திட்டத்தைப் பின்பற்றும் பள்ளியும் உண்டு. ஆனால் 1970 ஆம் ஆண்டின் நடுப்பகுதி வரை இந்நகரில் நவீன கல்வியை அளிக்கும் அரசுப் பள்ளி ஒன்றுகூட இருக்கவில்லை. பள்ளிவாசலை ஒட்டியோ மர நிழலிலோ அமர்ந்து குர்ஆன் ஓதக் கற்பதுதான் பெரும்பாலான சிறுவர்கள் அறிந்த ஒரே கல்வியாக இருந்தது.

இந்த நிலைக்குப் பொறுப்பானவராகப் பெரும்பாலும் சுட்டிக்காட்டப்படுபவர், 1932 முதல் 1970 வரை நாட்டை ஆண்ட சுல்தான் சயீத் பின் தைமூர். அரசுப் பள்ளிகளில் மதத்துக்கு இடம் உண்டா என்ற விவாதம் உலகின் பல பகுதிகளில் தொடர்ந்து நடந்து வருகிறது. அந்த விவாதத்தை வேறொரு முனையில் இருந்து பார்க்க இவரது வாழ்க்கை உதவுகிறது.

அஜ்மீரில் படித்த இளவரசர்

சயீத் 1910 ஆம் ஆண்டு மஸ்கட்டில் பிறந்தார். தமது பன்னிரண்டாம் வயதில் இந்தியாவின் அஜ்மீர் நகருக்கு அனுப்பப்பட்ட அவர், இந்திய சமஸ்தானங்களின் இளவரசர்களுக்காக பிரிட்டிஷ் ஆட்சியில் நிறுவப்பட்ட மேயோ கல்லூரியில் 1927 வரை பயின்றார். பின்னர் பாக்தாத்தில் சில காலம் கல்வி கற்றார். ஆங்கிலத்தில் நல்ல தேர்ச்சி பெற்றிருந்த அவருக்கு உருதும் தெரியும்.

அதாவது, தமது குடிமக்களில் மிகச் சிலருக்கே கிடைத்த நவீன கல்வியை அவர் முழுமையாகப் பெற்றவர். அத்துடன், கல்வி பெற்ற இந்தியர்கள் காலனி ஆட்சியைக் கேள்வி கேட்கத் தொடங்கியிருந்த காலத்தில் அவர் இந்தியாவில் வாழ்ந்தவர். பிரிட்டன் இந்தியாவை இழந்தது மக்களுக்குக் கல்வி அளித்ததால்தான் என்று பின்னாளில் அவர் தம்மிடம் பணியாற்றிய பிரிட்டிஷ் அதிகாரி ஒருவரிடம் கூறியதாகச் சொல்லப்படுகிறது.

தந்தை தைமூர் பின் பைசல் பதவி விலகியதை அடுத்து, 1932 பிப்ரவரியில் 21 வயதில் சயீத் சுல்தானானார். அவருக்குக் கிடைத்தது கடனில் மூழ்கிய அரசாங்கம். உள்நாட்டின் மலைப்பகுதியோ அவரது நேரடி ஆட்சியில் இருக்கவில்லை. 1920 ஆம் ஆண்டின் சீப் உடன்பாட்டின்படி அப்பகுதி இமாம் ஒருவரின் தலைமையில் இயங்கி வந்தது.

சோஹாரில் திரண்ட படை

ஓமானில் மதமும் அரசியலும் பின்னிக் கிடப்பதன் காரணத்தை இங்கு விளக்க வேண்டியுள்ளது. அரச குடும்பமும் உள்நாட்டு மக்களில் பலரும் இபாதி பிரிவைச் சேர்ந்தவர்கள். இது சுன்னி, ஷியா ஆகிய இரண்டிலும் அடங்காத தனிப் பிரிவு. சமூகத்தின் தலைவரான இமாமை அறிஞர்களும் பெரியோர்களும் கூடித் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது அதன் மரபு. பரம்பரையாக ஆளும் எந்த சுல்தானுக்கும் இது சங்கடமான கோட்பாடு. சோஹார் அமைந்துள்ள பாத்தினா கரையில் சுன்னி முஸ்லிம்கள் பெரும் எண்ணிக்கையில் வாழ்கின்றனர். கரையோர நகரங்களில் ஷியா முஸ்லிம்களும் உள்ளனர். மஸ்கட்டில் கட்ச் பகுதியில் இருந்து சென்ற இந்து வணிகர்கள் தலைமுறைகளாகத் தங்கள் வழிபாட்டை நடத்தி வந்துள்ளனர்.

1952 ஆம் ஆண்டு சவுதி அரேபியாவின் படைப்பிரிவு ஒன்று புரைமி சோலைப் பகுதிக்குள் நுழைந்தபோது, அதை வெளியேற்ற சுல்தான் சோஹாரில் பல ஆயிரம் பழங்குடி வீரர்களைத் திரட்டினார். உள்நாட்டு இமாமும் அவருக்கு ஆதரவாக நின்றார். ஆனால் பிரிட்டனின் வற்புறுத்தலால் படை கலைக்கப்பட்டது. சுல்தானும் இமாமும் ஓரணியில் நின்ற அரிய தருணம் அது. இரண்டு ஆண்டுகளில் அந்த இமாம் காலமானார். புதிய இமாம் காலிப் பின் அலி சவுதி ஆதரவுடன் சுல்தானை எதிர்த்தார். 1957 இல் மூண்ட கிளர்ச்சி, பிரிட்டிஷ் படைகளின் உதவியுடன் 1959 இல்தான் அடக்கப்பட்டது.

மூன்று பள்ளிகள்

1958 க்குப் பிறகு சுல்தான் தெற்கே சலாலா நகரிலேயே தங்கிவிட்டார். மஸ்கட்டின் வாயிற்கதவுகள் இரவில் மூடப்பட்டன. நாட்டை விட்டுச் செல்வதற்கும் வாகனம் வாங்குவதற்கும் அனுமதி தேவைப்பட்டது. சலாலா, மஸ்கட், மத்ரா ஆகிய மூன்று ஊர்களில் மட்டுமே அரசுப் பள்ளிகள் இருந்தன. 1970 இல் அவற்றில் படித்தவர்கள் 909 பேர். அனைவரும் ஆண் பிள்ளைகள். பெண் பிள்ளைகளுக்கு அரசுப் பள்ளியே கிடையாது.

மதத்தைக் காப்பதற்காகவே சுல்தான் நவீன கல்வியைத் தடுத்தார் என்று சொல்வது முழுமையான விளக்கம் ஆகாது. அவர் மத அறிஞர் அல்லர். அமெரிக்கக் கிறிஸ்தவ மிஷனரிகளின் மருத்துவமனைகள் அவரது ஆட்சியில்தான் இயங்கின. பணப் பற்றாக்குறையே தாமதத்துக்குக் காரணம் என்றும், எண்ணெய் வருவாயில் பள்ளிகளும் மருத்துவமனைகளும் கட்டப்படும் என்றும் 1968 இல் வெளியிட்ட அறிக்கையில் அவர் விளக்கமளித்தார். எண்ணெய் ஏற்றுமதி 1967 இல்தான் தொடங்கியது என்பதால் இந்த வாதத்தில் ஓரளவு நியாயம் உண்டு என வரலாற்றாசிரியர்கள் சிலர் கருதுகின்றனர். ஆயினும் குர்ஆன் ஓதும் கல்வியால் தமது ஆட்சிக்கு ஆபத்து இல்லை என்றும், வரலாறும் அறிவியலும் கற்ற இளைஞர்களால் ஆபத்து உண்டு என்றும் அவர் நம்பினார் என்பதையே அவரது நடவடிக்கைகள் காட்டுகின்றன.

தமது மகன் காபூஸ் விஷயத்திலும் அவர் இதே வழியைப் பின்பற்றினார். பிரிட்டனின் சாண்ட்ஹர்ஸ்ட் ராணுவக் கல்லூரியில் பயின்று 1964 இல் நாடு திரும்பிய காபூஸ், ஆட்சிப் பொறுப்பு எதுவும் தரப்படாமல் சலாலாவில் தனித்து வைக்கப்பட்டார். இஸ்லாமிய நெறிகளையும் ஓமான் வரலாற்றையும் கற்குமாறு அவர் பணிக்கப்பட்டார்.

வெளியே சென்று கற்றவர்கள்

சுல்தான் எதிர்பார்த்தது நடக்கவில்லை. கல்வி தேடிய இளைஞர்கள் குவைத்துக்கும், பஹ்ரைனுக்கும், கெய்ரோவுக்கும் சென்றனர். சிலர் சோவியத் யூனியன் வரை சென்றனர். அரபு தேசியவாதமும் மார்க்சியமும் அவர்கள் வழியாக ஓமானை வந்தடைந்தன. தோஃபார் மாகாணத்தில் 1965 இல் தொடங்கிய கிளர்ச்சி, 1968 இல் வெளிப்படையாக இடதுசாரிப் பாதைக்குத் திரும்பியது.

கிளர்ச்சியாளர்கள் தெற்கு யேமனின் எல்லை ஊரான ஹவ்ஃபில் பள்ளிகளை நடத்தினர். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் அங்கு ஒன்றாகப் படித்தனர். மதத்தின் இடத்தைப் புரட்சி அரசியல் பிடித்துக்கொண்டது. ஓமான் மண்ணின் பெண் பிள்ளைகள் பலருக்கு முதலில் கிடைத்த நவீன வகுப்பறை அரசுக்கு எதிரான இயக்கம் திறந்த வகுப்பறையாக அமைந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

1970 ஜூலை 23 ஆம் தேதி பிரிட்டனின் ஆதரவுடன் நடந்த அரண்மனைப் புரட்சியில் சயீத் பதவி இழந்தார். லண்டனில் வாழ்ந்த அவர் 1972 அக்டோபரில் அங்கேயே காலமானார்.

மகன் கண்ட தீர்வு

சுல்தானாகப் பொறுப்பேற்ற காபூஸ் முதலில் கையில் எடுத்தவற்றுள் கல்வியும் ஒன்று. பத்து ஆண்டுகளில் மாணவர்களின் எண்ணிக்கை ஏறத்தாழ ஒரு லட்சத்தை எட்டியது. எகிப்து உள்ளிட்ட அரபு நாடுகளில் இருந்து ஆசிரியர்கள் வரவழைக்கப்பட்டனர். கிளர்ச்சியாளர்களைக் கடவுள் மறுப்பாளர்களாகச் சித்தரித்த புதிய அரசு, பள்ளியில் இஸ்லாமியக் கல்வியைக் கட்டாயப் பாடமாக்கியது.

ஆனால் எந்தப் பிரிவின் இஸ்லாம் என்ற கேள்வி உடனே எழுந்தது. இபாதிக் கோட்பாட்டைக் கற்பித்தால் சோஹாரில் உள்ள சுன்னிப் பெற்றோர் அதை ஏற்கமாட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட இமாமின் வரலாற்றைக் கற்பித்தால் அரச பரம்பரையின் உரிமையே கேள்விக்குள்ளாகும். எனவே பிரிவுகளுக்கு இடையிலான வேறுபாடுகளைப் பேசாத, பொதுவான இஸ்லாம் பாடநூலில் இடம்பெற்றது. முஸ்லிம் அல்லாத மாணவர்களுக்கு இப்பாடத்தில் இருந்து விலக்கு அளிக்கப்பட்டது.

அண்டை நாடுகள் சிலவற்றில் காணப்படும் மதப்பிரிவு மோதல்கள் ஓமானில் பெரிய அளவில் தலைதூக்காததற்கு இந்த ஏற்பாடும் ஒரு காரணம் என்று நோக்கர்கள் கருதுகின்றனர். அதே நேரத்தில், இந்த ஒற்றுமை மாணவர்களுக்குச் சொல்லாமல் விடப்பட்டவற்றின் மேல் கட்டப்பட்டது என்ற விமர்சனமும் உண்டு.

விடை கிடைக்காத கேள்வி

மதமும் வகுப்பறையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு நாடும் வெவ்வேறு வழியைத் தேர்ந்துள்ளது. முழுக்க அரசு நிதியில் இயங்கும் கல்வி நிறுவனங்களில் மத போதனை கூடாது என்கிறது இந்திய அரசியல் சட்டத்தின் 28 ஆவது பிரிவு. இலங்கையிலோ சாதாரண தரத் தேர்வில் சமயம் ஒரு முதன்மைப் பாடமாக இருந்து வந்துள்ளது. இறைவன் உயிர்களைப் படைத்தார் என்ற கொள்கையைப் பரிணாமக் கோட்பாட்டுடன் சேர்த்துக் கற்பிக்கக் கோரிய லூசியானா மாகாணச் சட்டத்தை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1987 இல் செல்லாததாக்கியது.

பாடத்தைச் சேர்ப்பதில் மட்டுமன்றி, நீக்குவதிலும் சர்ச்சை எழுகிறது. துருக்கி 2017 இல் பள்ளிப் பாடத்திட்டத்தில் இருந்து பரிணாமப் பாடத்தை நீக்க முடிவு செய்தது. இந்தியாவின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் இருந்து டார்வினின் கோட்பாடு நீக்கப்பட்டதை எதிர்த்து 2023 இல் 1,800 க்கும் மேற்பட்ட அறிவியலாளர்களும் ஆசிரியர்களும் கடிதம் எழுதினர். பாடச்சுமையைக் குறைக்கவே நீக்கப்பட்டது என்றும், பன்னிரண்டாம் வகுப்பில் அது இருப்பதாகவும் அதிகாரிகள் விளக்கினர். ஆனால் பத்தாம் வகுப்புக்குப் பிறகு உயிரியலைத் தொடராத மாணவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடையாது என்பது எதிர்ப்பாளர்களின் வாதம். டெல்லியில் எடுக்கப்பட்ட இந்த முடிவு, அதே பாடத்திட்டத்தைப் பின்பற்றும் சோஹாரின் இந்தியப் பள்ளி மாணவர்களையும் சென்றடைந்தது.

பள்ளியில் மதம் இருக்கலாமா என்பதோடு, எதைக் கற்பிப்பது, எதை மறைப்பது என்பதை முடிவு செய்பவர் யார் என்ற கேள்வியும் சேர்ந்தே எழுகிறது. சயீத் பின் தைமூர் அந்த அதிகாரத்தைத் தம் ஒருவரிடமே வைத்துக்கொண்டார். அவர் மூடிய கதவுக்கு வெளியே சென்று ஒரு தலைமுறை கற்றது. திரும்பி வந்தபோது அவர்களில் ஒரு பகுதியினர் ஆயுதம் ஏந்தியிருந்தனர்.